மலிவு டார்ச்சும் மலிவுக் கருவிகளும்: எங்கே தொட்டுப் பார்த்து வாங்குவது

விலை குறைந்த டார்ச்சிலும் கைக்கருவியிலும் தயாரிப்பாளர் செலவைக் குறைக்கும் இடங்கள் எப்போதும் ஒன்றேதான். டார்ச் என்றால் செல், சூடு வெளியேறும் வழி, கரண்ட் கடந்துபோகும் இணைப்புகள். கருவி என்றால் இரும்பின் டெம்பர் (காய்ச்சி ஆற்றிக் கொடுக்கும் உறுதி), இரண்டு பாகம் சேரும் மூட்டு, வேலை செய்யும் வாயின் அளவு. மேல்பூச்சிலும் கைப்பிடியின் நிறத்திலும் பெட்டியின் பளபளப்பிலும் குறை வைக்க மாட்டார்கள். வாங்குகிறவர் கண் முதலில் போவது அங்கேதான். கண் போகாத இடங்களைப் பார்க்கப் பழகிவிட்டால், மலிவுச் சரக்கிலேயே பல வருடம் உழைப்பவற்றைப் பொறுக்கி எடுத்துவிடலாம். அப்படிப்பட்டவை நிறையவே இருக்கின்றன.

டார்ச் அட்டையில் போட்டிருக்கும் லூமென் (மொத்த வெளிச்சத்தின் அளவு) எண்ணை நம்பலாமா என்று பார்க்க ஒரு சின்னப் பெருக்கல் போதும். நல்ல 18650 (18 மி.மீ. தடிமன், 65 மி.மீ. நீளம்) லித்தியம் செல் ஒன்று 3.6 வோல்ட், 3000 எம்.ஏ.எச்., அதாவது 3 ஆம்பியர்-மணி. இரண்டையும் பெருக்கினால் ஏறத்தாழ 11 வாட்-மணி. டிரைவரில் (எல்.இ.டி.க்குப் போகும் கரண்டைக் கட்டுப்படுத்தும் சர்க்யூட்) வீணாவது போக, ஒரு வாட்டுக்கு 100 லூமென் வெளியே வந்தால் அது நல்ல டார்ச். ஆக, ஒரு செல்லுக்குள் இருப்பது மொத்தம் 1,100 லூமென்-மணி. அதை 1,000 லூமெனில் ஒரு மணி நேரம் எரிக்கலாம், இல்லை 100 லூமெனில் 11 மணி நேரம் எரிக்கலாம். 50,000 லூமென், 5 மணி நேரம் என்று போட்டிருந்தால் அதற்கு இருநூறுக்கும் மேற்பட்ட செல்கள் வேண்டும். உள்ளங்கை அளவு டார்ச்சுக்குள் அது நடக்காது.

சூட்டுக் கணக்கும் உண்டு. எல்.இ.டி.க்குள் போகும் 10 வாட்டில் பாதிக்கு மேல் சூடாகத்தான் மாறுகிறது. விரல் தடிமன் அலுமினியக் குழாயால் அந்தச் சூட்டை வெகுநேரம் வெளியே தள்ள முடியாது. அதனால் நேர்மையான டார்ச்கூட 1,000 லூமெனில் ஓரிரு நிமிடம் எரிந்துவிட்டுத் தானாகவே முந்நூறு, நானூறுக்கு இறங்கிக்கொள்ளும். அப்படி இறங்குவது நல்ல வடிவமைப்பு. இறங்காமல் எரிந்துகொண்டே இருப்பதுதான் கவலைக்குரியது.

அட்டையில் எஃப்.எல்.1 என்ற குறியோடு எண்கள் இருந்தால் கொஞ்சம் நம்பிக்கை வைக்கலாம். டார்ச் அளவீட்டுக்கு 2009-இல் வந்த பொது விதி அது. அதன்படி லூமெனை சுவிட்ச் போட்ட கணத்தில் அளக்கக் கூடாது, 30 விநாடி கழித்தே அளக்க வேண்டும். எரியும் நேரம் என்பது ஆரம்ப வெளிச்சத்தில் பத்தில் ஒரு பங்காகக் குறையும்வரை உள்ள நேரம். வீச்சுத் தூரம் என்பது வெளிச்சம் 0.25 லக்ஸாக, கிட்டத்தட்ட பௌர்ணமி நிலா வெளிச்சமாக, மங்கும் இடம்வரை. கேண்டெலா (ஒரு திசையில் பாயும் ஒளியின் வலு) எண்ணின் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்கினால் அந்தத் தூரம் மீட்டரில் வந்துவிடும்: 10,000 கேண்டெலா என்றால் 200 மீட்டர். அங்கே நிற்பது ஆளா மரமா என்று தெரிய வேண்டுமென்றால் அதில் பாதியைக் கணக்கில் வையுங்கள். இந்தக் குறி இல்லாமல் வெறும் எண்ணை மட்டும் பெரிதாகப் போட்டிருந்தால், அந்த எண்ணை மறந்துவிட்டு டார்ச்சைக் கையில் எடுத்துப் பார்ப்பதே மேல்.

'டி6' என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பதும் எதையும் சொல்வதில்லை. கிரீ நிறுவனத்தின் எக்ஸ்எம்-எல் என்ற எல்.இ.டி.யை வெளிச்ச வாரியாகப் பிரிக்கும்போது கொடுத்த தரக்குறி அது. 700 மில்லி ஆம்பியரில் 280 முதல் 300 லூமென் தருபவை டி6. இப்போது எந்த எல்.இ.டி. உள்ளே இருந்தாலும் அந்தக் குறியை அச்சடித்துவிடுகிறார்கள்.

செல்லை எடைபோட்டுப் பாருங்கள். உண்மையான 18650 செல் 45 கிராமை ஒட்டி இருக்கும். சமையலறைத் தராசே போதும். 30 கிராமுக்கும் கீழே நின்றால் உள்ளே சரக்கு இல்லை என்று அர்த்தம். சிறிய செல் ஒன்றை உள்ளே வைத்து மிச்ச இடத்தைப் பொடியால் நிரப்பிய போலிகளும் உண்டு, பழைய லேப்டாப் பேட்டரியிலிருந்து பிரித்துப் புது உறை போட்டவையும் உண்டு. இந்த அளவு செல்லில் நல்ல கம்பெனிகள் நெடுங்காலமாகத் தருவது 2500 முதல் 3500 எம்.ஏ.எச்.தான். 6800, 9900 என்று போட்டிருப்பவை எழுத்தளவில் மட்டுமே. டார்ச்சோடு இலவசமாக வரும் செல் பெரும்பாலும் இந்த ரகம். மலிவு டார்ச் வாங்கி அதில் நல்ல செல் ஒன்றைப் போடுவதுதான் இருப்பதிலேயே லாபமான ஏற்பாடு. ஒன்று கவனம்: பாதுகாப்புச் சர்க்யூட் உள்ள செல் 65 மில்லிமீட்டரைவிட மூன்று, நான்கு மில்லிமீட்டர் நீளமாக இருக்கும். மலிவு டார்ச் சிலவற்றில் மூடி முழுதாக இறங்காது. தலை தட்டையான செல் போட்டால் சிலவற்றில் தொடாமலே நின்றுவிடும். வாங்குமுன் அளந்துகொள்ளுங்கள்.

சார்ஜ் ஏறும் விதத்தையும் ஒருமுறை சோதிக்க வேண்டும். முழுதாக ஏறியதும் செல்லை வெளியே எடுத்து மல்டிமீட்டரில் பாருங்கள். 4.15 முதல் 4.20 வோல்ட் இருந்தால் சரி. 4.25-ஐத் தாண்டினால் அந்த டார்ச்சின் உள்சார்ஜர் நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தவில்லை. செல்லைத் தனிச் சார்ஜரில் போட்டு ஏற்றுங்கள், டார்ச்சில் ஏற்றவே வேண்டாம். டைப்-சி துளை இருந்தும் இரு பக்கமும் டைப்-சி உள்ள கேபிளில் ஏறவில்லையா? சார்ஜரிடம் மின்சாரம் கேட்க வேண்டிய 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர் இரண்டையும் போர்டில் வைக்காமல் விட்டிருப்பார்கள். டார்ச் கெட்டுப்போகவில்லை. பழைய அகல யு.எஸ்.பி. முனை உள்ள கேபிளில் போட்டால் ஏறும். உறை கிழிந்த செல், உப்பிய செல், கீழே விழுந்து ஒடுங்கிய செல் எதையும் சார்ஜில் போடக் கூடாது. இரண்டு செல் வரிசையாகப் போடும் டார்ச்சில் புதிதையும் பழையதையும் கலக்கக் கூடாது.

பின்பக்கம் மடிக்கும் பிளக்கோடு, நேராகச் சுவர் சாக்கெட்டில் செருகிச் சார்ஜ் செய்யும் பிளாஸ்டிக் டார்ச்சுகள் தனி ரகம். பலவற்றில் டிரான்ஸ்பார்மரே கிடையாது. ஒரு கெப்பாசிட்டர் வழியாகத்தான் மின்னழுத்தத்தைக் குறைக்கிறார்கள். அப்படியானால் செருகியிருக்கும் நேரம் முழுக்க உள்ளே உள்ள எல்.இ.டி. போர்டு, பேட்டரி முனை எல்லாமே மெயின் லைனோடு நேரடித் தொடர்பில் இருக்கின்றன. செருகியபடி எரிய விடாதீர்கள், கண்ணாடி உடைந்ததையோ உடலில் விரிசல் விட்டதையோ செருகவே செருகாதீர்கள். குழந்தை கைக்கு எட்டும் சாக்கெட்டில் இது வேண்டவே வேண்டாம். இவற்றில் இருப்பது பெரும்பாலும் 4 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரி. வெறுமையாக ஒரு மாதம் கிடந்தால் தகடுகளில் சல்பேட் படிந்து அதன் பிறகு சார்ஜ் நிற்காது. 'மூன்றே மாதத்தில் போய்விட்டது' என்ற புகார்களில் பெரும்பகுதி இப்படி வருவதுதான். உபயோகித்தாலும் இல்லாவிட்டாலும் மாதம் ஒருமுறை ஏற்றி வையுங்கள்.

எப்போதாவது மட்டும் எடுக்கும் டார்ச்சுக்குச் சாதாரண ஏஏ செல்லே பொருத்தம். ஆனால் அல்கலைன் செல் உள்ளேயே கிடந்து ஒழுகும், ஸ்பிரிங்கை அரிக்கும். மூன்று ஏஏஏ போடும் டார்ச்சில் ஒன்று மட்டும் முதலில் தீர்ந்துபோனால் மற்ற இரண்டும் சேர்ந்து அதன் வழியே கரண்டைத் தள்ளிக்கொண்டே இருந்து அதன் துருவத்தைத் தலைகீழாக்கிவிடும், ஒழுகுவது அங்கேதான் ஆரம்பிக்கும். மாற்றும்போது மூன்றையும் சேர்த்து மாற்றுங்கள். வெள்ளைப் படிவு கண்டால் அது காரம். வினிகரோ எலுமிச்சைச் சாறோ தொட்ட பஞ்சால் துடைத்து, ஈரத்துணியால் ஒற்றி, நன்றாகக் காயவிட்டு, ஸ்பிரிங்கை மெல்லிய எமரித் தாளால் தேய்த்தால் பாதிக்கு மேல் பிழைத்துக்கொள்ளும். அவசரப் பையில் வருடக்கணக்கில் கிடக்க வேண்டியதற்கு ரீசார்ஜ் செய்ய முடியாத லித்தியம் ஏஏ செல் போடுங்கள். விலை கூடுதல்தான், ஆனால் நெடுநாள் கெடாது, ஒழுகும் தொல்லை மிகக் குறைவு.

கையில் எடுத்ததும் செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. அதிக வெளிச்சத்தில் போட்டு ஒரு நிமிடம் தலைப்பகுதியைப் பிடித்திருங்கள். வெதுவெதுப்பாக வேண்டும். சூடாவதைப் பார்த்துப் பலர் குறை என்று நினைத்துத் திருப்பிக் கொடுக்கிறார்கள். உண்மையில் சூடு எல்.இ.டி.யிலிருந்து உலோக உடலுக்கு வந்து சேர்கிறது என்பதற்கு அதுதான் சான்று. தலை குளிர்ந்தே இருந்து வெளிச்சம் மட்டும் மங்கி நீலம் பாய்ந்தால் சூடு உள்ளேயே அடைபட்டிருக்கிறது. முன்வளையத்தைக் கழற்றிப் பார்த்தால் காரணம் தெரியும். எல்.இ.டி. ஒட்டிய வட்டத் தகடு ஒரு வெற்றுக் குழியின் விளிம்பில் மட்டும் உட்கார்ந்திருக்கும், அடியில் தெர்மல் பேஸ்ட் பூச்சே இருக்காது. தகட்டுக்கு அடியில் உலோகம் இருந்து பேஸ்ட் மட்டும் இல்லை என்றால் சரிசெய்யலாம்: ஒரு பட்டாணி அளவு தெர்மல் பேஸ்ட்டை மெல்லிசாகத் தடவித் தகட்டை அழுத்தி முடுக்கிவிடுங்கள். அடியில் வெறும் காற்று என்றால் குறைந்த வெளிச்சத்தில் மட்டும் உபயோகிக்கலாம்.

இமைத்து இமைத்து எரிவது, தட்டினால் எரிவது, திடீரென்று மோடு மாறுவது. டார்ச் புகார்களில் முக்கால்வாசி இதுதான், பெரும்பாலும் கைச்சரிசெய்தலில் தீர்ந்துவிடும். முதலில் எங்கே கோளாறு என்று பிரித்தறிய வேண்டும். பின்மூடியைக் கழற்றுங்கள். செல் உள்ளேயே இருக்கட்டும். ஒரு துண்டுச் செம்புக் கம்பியின் ஒரு முனையைச் செல்லின் அடிப்பக்கத்திலும் மறுமுனையைக் குழாயின் வெட்டு விளிம்பிலும் தொடுங்கள். டார்ச் பளிச்சென்று எரிந்தால் தலைப்பகுதியில் குறையில்லை, தப்பு பின்மூடியில். அப்போதும் மங்கினால் செல்லிலோ தலையிலோ பாருங்கள்.

பின்மூடிக்குள் எட்டிப் பார்த்தால் ஸ்பிரிங்கைச் சுற்றி ஓர் உலோக வளையமும் அதில் எதிரெதிரே இரண்டு சிறு குழிகளும் தெரியும். சுவிட்சை இறுக்கிப் பிடித்திருப்பது அந்த வளையம்தான், அது மரையில் திருகி இறங்குவது. கப்பலேறி, பார்சலில் உருண்டு வருவதற்குள் அரைச்சுற்று தளர்ந்திருக்கும். நீள்மூக்குக் குறட்டின் இரண்டு முனைகளையும் குழிகளில் வைத்து வலப்பக்கமாக முடுக்குங்கள். இவ்வளவுதான் வேலை. பிறகு குழாயின் விளிம்பைப் பாருங்கள். வெளிப்பூச்சான அனோடைசிங் கரண்டைக் கடத்தாது. விளிம்பு வெள்ளி நிறத்தில் பூச்சில்லாமல் இருக்க வேண்டும். கறுப்பாக இருந்தால் 400 எமரித் தாளைத் தட்டையான தரையில் வைத்துக் குழாயை நிறுத்தி நாலு சுற்று தேயுங்கள். மரையில் இருக்கும் கறுப்பு மசியை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, ஓ-ரிங் எனும் ரப்பர் வளையத்தில் மட்டும் துளி சிலிக்கான் கிரீஸ் போடுங்கள். சால்டர் பிடிக்கத் தெரிந்தவர்களுக்கு இன்னும் ஒரு வேலை: பின்மூடி ஸ்பிரிங் மெல்லிய எஃகு, 3 ஆம்பியர் போகும்போது அதிலேயே வோல்ட் கொஞ்சம் தொலையும். ஸ்பிரிங்கின் உச்சியிலிருந்து அடிவரை மெல்லிய செம்பு வயர் ஒன்றைச் சால்டர் செய்துவிட்டால் வெளிச்சம் கூடுவது கண்ணுக்கே தெரியும்.

இழுத்துத் தள்ளும் ஜூம் டார்ச் பற்றி ஒரு வார்த்தை. ஒளியைக் குவிக்கும்போது லென்சுக்கு வெளியே சிதறும் வெளிச்சம் உடம்புக்குள்ளேயே வீணாகிறது. இழுக்கும்போது உள்ளே இழுக்கப்படும் காற்றோடு ஈரமும் தூசியும் போகும். தண்ணீர்த் தடுப்பு என்று போட்டிருந்தாலும் நம்ப வேண்டாம். ஐ.பி.எக்ஸ்4 என்றால் தூறல் தாங்கும், ஐ.பி.எக்ஸ்7 என்றால் ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும். நகரும் தலை உள்ள மலிவு டார்ச்சில் இரண்டாவது கிடைப்பது மிக அரிது. பழுது பார்க்கும் வேலைக்கு வாங்குகிறீர்கள் என்றால் வீச்சுத் தூரத்தை விட்டுவிட்டு நிறத்தைப் பாருங்கள். 6500 கெல்வின் (ஒளியின் நிறச்சாயலைச் சொல்லும் எண்) நீலவெள்ளையில், சி.ஆர்.ஐ. (நிறங்களை எவ்வளவு இயல்பாகக் காட்டுகிறது என்ற எண், உச்சம் 100) 70-ல், சிவப்பு வயரும் பழுப்பு வயரும் ஒன்றுபோலத் தெரியும். 4000 கெல்வின், சி.ஆர்.ஐ. 90 என்றால் லூமென் குறைந்தாலும் வேலை தெளிவாக நடக்கும்.

கருவிகளுக்கு வருவோம்

நல்ல செல் போட்ட மலிவு டார்ச் என்று மேலே சொன்ன அதே ஏற்பாடு இங்கேயும் செல்லும். உடலை மலிவாக வாங்கலாம், வேலை செய்யும் முனையில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. இரும்பு அறுக்கும் ஆக்ஸாவின் சட்டம் மலிவானதாக இருக்கட்டும், பிளேடு பைமெட்டலாக (வளையும் முதுகில் கடினப் பற்கள் இணைத்ததாக) இருக்கட்டும். பிட் மாற்றும் கைப்பிடி எதுவானாலும் பரவாயில்லை, பிட்டுகள் நல்லதாக இருக்கட்டும். இதில் இன்னொரு கோட்டையும் போட்டுக்கொள்ளுங்கள். உடைந்தால் நேரம் மட்டும் வீணாகும் கருவியை மலிவாக வாங்குவதில் தப்பில்லை. கரண்டும் பாரமும் சம்பந்தப்பட்டதில் வேண்டாம். காரைத் தூக்கி நிறுத்தும் ஸ்டாண்டு அந்த ரகம். இன்சுலேட்டட் குறடும் அந்த ரகம். குறட்டுக் கைப்பிடியில் தோய்த்த ரப்பர் உறை பிடிமானத்துக்காகப் போட்டது, கரண்டைத் தடுக்க அல்ல. மின்வேலைக் கைக்கருவிகளுக்கான சர்வதேச விதியான ஐ.இ.சி. 60900-இன்படி தயாரித்த கருவியில் இரட்டை முக்கோணக் குறியும் 1000 வோல்ட் என்பதும் இருக்கும். ஒவ்வொரு கருவியையும் தனித்தனியாக 10,000 வோல்ட்டில் சோதித்த பிறகே அந்தக் குறி விழ வேண்டும். அதே குறியை அச்சடிக்க அச்சுக் கட்டை போதும். எனவே தெரிந்த கம்பெனி, தெரிந்த விற்பனையாளர் என்று இல்லாமல் இதை வாங்காதீர்கள்.

'குரோம் வனேடியம்' என்று தண்டில் பொறித்திருப்பதைத் தரச்சான்று என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அது கலவையின் பெயர். அதே கலவையைச் சரியாகக் காய்ச்சி, குளிரவைத்து, டெம்பர் கொடுக்காவிட்டால் சாதா இரும்புபோலவே வளையும். டெம்பரைப் பார்க்கப் பழைய வழிதான் வழி: கூரான சின்ன அரம் ஒன்றை முனைக்கு அருகில், கண்ணில் படாத ஓரத்தில் ஒரு இழுப்பு இழுங்கள். அரம் லேசாகக் கீறிவிட்டுச் சறுக்கினால் நல்ல டெம்பர். வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கித் தூள் கொட்டினால் அந்தத் திருப்புளி நாலாவது ஸ்குரூவில் முனை உருண்டுவிடும். காந்தத்தையும் வைத்துப் பாருங்கள். சில கிளாம்ப் தாடைகளும் மல்டி-டூல் பாகங்களும் காந்தத்தில் ஒட்டவே ஒட்டாது. துருப்பிடிக்காத எஃகில் ஒரு வகையும் ஒட்டாதுதான். ஆனால் மலிவுக் கருவியில், உடைந்த இடம் சாம்பல் நிறத்தில் சொரசொரப்பாக இருந்தால் அது துத்தநாகக் கலவை வார்ப்பு. பாரம் ஏறினால் வளையாமல் நேரே பட்டென்று உடையும்.

நட்சத்திரத் திருப்புளியின் முனையை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். நான்கு சிறகும் ஒரே தடிமனா, நடுவே கூர் உருண்டிருக்கிறதா, சிறகுகளுக்கு இடையே உள்ள பள்ளத்தில் குரோம் பூச்சு தடித்து வழிந்திருக்கிறதா? வழிந்திருந்தால் முனை ஸ்குரூவின் அடிவரை இறங்காது. மேல்பாதியில் மட்டும் பிடித்து, கொஞ்சம் முறுக்கியதும் எகிறி வெளியே வரும். கூடவே ஸ்குரூவின் தலையையும் கிழித்துவிடும். புது ஸ்குரூ ஒன்றை முனையில் மாட்டிப் படுக்கைவாட்டில் பிடித்தால் அதிகம் ஆடாமல் நிற்க வேண்டும். ஸ்குரூத் தலையில் கூட்டல் குறியின் கைகளுக்கு இடையே நான்கு மெல்லிய கோடுகள் தெரிந்தால் அது போசிட்ரைவ். அதற்குப் பிலிப்ஸ் (சாதா நட்சத்திர) பிட் சரியாகப் பொருந்தாது. திருப்புளி மட்டம் என்று திட்டுவதற்கு முன் இதைப் பார்த்துவிடுங்கள்.

நூற்றுக்கு மேல் பாகங்கள் கொண்ட செட்டைக் கண்டால் எண்ணிக்கையைப் பார்க்காமல் உள்ளே இருக்கும் அளவுகளைப் பாருங்கள். பாதிக்கு மேல் சின்னச் சின்ன பிட்டுகளாக இருக்கும். உண்மையில் அதிகம் தேவைப்படுவது எம்5 (5 மி.மீ. தடிமன்) போல்ட்டுக்கு 8 மி.மீ., எம்6-க்கு 10, எம்8-க்கு 13, எம்10-க்கு 16 அல்லது 17, எம்12-க்கு 18 அல்லது 19. இவற்றில் ஒன்றோ இரண்டோ இல்லாத செட்டுகள் சகஜம். சாக்கெட்டும் ரிங் ஸ்பேனரும் ஆறு முனை உள்ளதாக எடுங்கள். மலிவு இரும்பில் பன்னிரண்டு முனை என்றால் இறுகிய நட்டின் மூலைகளை உருட்டிவிடும். ஓப்பன் ஸ்பேனரைப் புது போல்ட்டின் தலையில் மாட்டி முன்னும் பின்னும் ஆட்டுங்கள். அதிகம் ஆடுகிறதென்றால் அந்த வாய் பெரிது, இன்னொன்றை எடுங்கள். ஒரே பெட்டியில் உள்ள இரண்டு ஸ்பேனர்களுக்குள்கூட வித்தியாசம் இருக்கும்.

அட்ஜஸ்டபிள் ஸ்பேனரில் தாடையைப் பாதி திறந்து ஆட்டிப் பாருங்கள். கொஞ்சம் ஆட்டம் எல்லாவற்றிலும் உண்டு, தாடை சாய்ந்து வாய் வி வடிவத்துக்குப் போனால் மட்டும் தவிருங்கள். முறுக்கும்போது பாரம் அசையாத தாடையில் விழும்படி பிடிக்க வேண்டும். ராட்செட்டில் பல் எண்ணிக்கைதான் விளம்பரம். 72 பல் என்றால் 5 டிகிரிக்கு ஒரு கிளிக், 36 என்றால் 10 டிகிரி. மலிவு ராட்செட்டில் பல் கூடக் கூட ஒவ்வொரு பல்லும் சிறிதாகி, தாங்கும் கொக்கி முதலில் போகும். நெருக்கமான இடத்தில் வேலை இல்லையென்றால் 36 அல்லது 45 பல்லே அதிகம் உழைக்கும். இறுகிக் கிடக்கும் போல்ட்டை முதலில் ரிங் ஸ்பேனரால் உடைத்துவிட்டுப் பிறகுதான் ராட்செட்டை மாட்ட வேண்டும். புதிதாக வந்ததும் பின்தகட்டைத் திறந்து உள்ளே அப்பியிருக்கும் கெட்டிப் பசையைத் துடைத்து இலகுவான கிரீஸ் போட்டால் வழுக்கல் பாதி நின்றுவிடும்.

கட்டிங் பிளேயரையும் சைடு கட்டரையும் மூடி ஜன்னலுக்கு நேரே பிடியுங்கள். வெட்டும் விளிம்புகளுக்கு நடுவே வெளிச்சக் கோடு தெரியக் கூடாது. மூட்டுக்கு அருகே இடைவெளி இருந்து நுனியில் மட்டும் தொட்டால் ஓரளவு சமாளிக்கலாம். நுனியில் இடைவெளி என்றால் விட்டுவிடுங்கள். அடுத்து ஒரு தாளை நுனியில் கடிக்கவிட்டு வெட்டிப் பாருங்கள், பிறகு ஒற்றைச் செம்பு இழையை. கிழித்தால் வேண்டாம், நறுக்கினால் சரி. கைப்பிடிகளை எதிரெதிராக மேலும் கீழும் அசைத்தால் ரிவிட் ஆடுகிறதா என்று தெரியும். விறைப்பாக இருப்பதில் குறையில்லை, இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு ஐம்பது முறை திறந்து மூடினால் இளகும். தளர்ந்திருப்பதற்கு மருந்து கிடையாது. செம்பு வெட்டும் கட்டரால் ஸ்டீல் கம்பியை வெட்டினால் விளிம்பில் பிறை வடிவப் பள்ளம் விழும், விலை உயர்ந்த கட்டரிலும் இப்படித்தான்.

சுத்தியலில் காம்பின் ரேகையைப் பாருங்கள். காம்பின் அடிமுனையில் ரேகைகள் அடிக்கும் திசைக்கு இணையாக ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் பிளக்கும். மேலே கண்ணில் ஆப்பு முழுதாக இறங்கியிருக்கிறதா, பசை வைத்து மறைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். தலை தளர்ந்தால் தண்ணீரில் ஊறவைப்பது ஓரிரண்டு நாளைக்குத்தான். காய்ந்ததும் முன்னைவிட மோசமாகத் தளரும். புது ஆப்பு அடிப்பதுதான் தீர்வு. சுத்தியலால் சுத்தியலை அடிக்காதீர்கள். இரண்டும் கெட்டி முகம், தெறிக்கும் சில்லு கண்ணைக் கேட்கும்.

ஆக்ஸா பிளேடில் அங்குலத்துக்குப் பல் கணக்கு: கெட்டியான இரும்புக்கு 18, பொதுவாக 24, மெல்லிய குழாய்க்கும் தகட்டுக்கும் 32. எந்நேரமும் மூன்று பல்லாவது இரும்பில் பதிந்திருக்க வேண்டும். இல்லையென்றால் பற்கள் வரிசையாக உதிரும். பல் முன்னோக்கிப் பார்க்கும்படி மாட்டி, விரலால் சுண்டினால் ஒலி எழும்வரை இறுக்குங்கள். இறுக்கும்போதே சட்டம் வளைந்துகொடுத்தால் அதில் நேரான வெட்டு வராது.

அளக்கும் கருவிகளில் மலிவுக்கும் விலைக்கும் உள்ள வித்தியாசத்தை வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். டேப்பின் நுனிக் கொக்கி ஆடுவது கோளாறு இல்லை. கொக்கியின் தடிமன் அளவுக்கே அது ஆட வேண்டும், உள்ளளவுக்கும் வெளியளவுக்கும் கணக்கு சரியாக வருவது அதனால்தான். தெரியாமல் சுத்தியலால் தட்டி இறுக்கிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். டேப்பில் ரோமன் எண் 2 வட்டத்துக்குள் இருந்தால் 5 மீட்டருக்கு 1.3 மில்லிமீட்டர்வரை பிசகலாம், 1 என்றால் 0.6. ரசமட்டத்தை ஒரு பலகையில் வைத்துக் குமிழி நிற்கும் இடத்தைப் பாருங்கள். பிறகு அதே இடத்தில் முனை மாற்றித் திருப்பி வையுங்கள். குமிழி அதே கோட்டில் நிற்க வேண்டும். மூலைமட்டத்தை நேரான விளிம்பில் வைத்து ஒரு கோடு, கவிழ்த்து வைத்து அதே புள்ளியிலிருந்து இன்னொரு கோடு. இரண்டும் பிரிந்துபோனால் பிரிவில் பாதிதான் உண்மையான பிழை. இந்தச் சோதனையில் மலிவுச் சரக்கு பல தேறுகிறது, விலை உயர்ந்தவை சில தோற்கின்றன.

தங்க நிற டிரில் பிட்டுகளில் பெரும்பாலும் நிறம்தான் தங்கம். கண்ணாடி மேல் உருட்டிப் பாருங்கள், வளைந்தது தத்தித் தத்தி உருளும். இரும்பில் முதலில் புகையும் பிட்டைக் குறைந்த வேகத்தில், எண்ணெய் விட்டு ஓட்டினால் பாதி பிட்டுகள் காப்பாற்றப்படும். மலிவு பிட்டைக் கொல்வது வேகமும் சூடும்தான்.

மலிவில் அதிக லாபம் தருவது உளி என்று தயங்காமல் சொல்லலாம். டெம்பர் சரியாக இருந்தால் மிச்சம் எல்லாம் உங்கள் கையில். தட்டைக் கண்ணாடியில் எமரித் தாளை ஒட்டி 220, 400, 1000, 2000 என்று வரிசையாக முதுகை, நுனியிலிருந்து ஓர் அங்குலம்வரை மட்டும், சமமாகத் தேய்த்து மினுக்குங்கள். சாய்வை 25 டிகிரியில் பிடித்து, கடைசி நூலளவை 30-க்கு உயர்த்துங்கள். சாணைக்கல்லில் பிடிப்பதானால் இரண்டு விநாடிக்கு ஒருமுறை தண்ணீரில் முக்கி எடுக்க வேண்டும். நுனியில் நீல நிறம் ஓடியது என்றால் இரும்பு ஏறத்தாழ 300 டிகிரியைத் தொட்டு டெம்பர் இறங்கிவிட்டது. அந்த நீலப் பகுதி முழுதும் தேய்ந்து தீரும்வரை முனை நிற்காது.

வாங்கிய எல்லாவற்றையும் திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் ஒருமுறை உண்மையான பாரத்தில் போட்டுப் பாருங்கள். டார்ச்சை முழு சார்ஜில் அதிக வெளிச்சத்தில் அணையும்வரை கண் பார்வையில் வைத்து எரித்து நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஸ்பேனரை இறுகிய நட்டில் போடுங்கள், கட்டரால் நாலு கம்பி வெட்டுங்கள். பெட்டியும் பில்லும் அதுவரை இருக்கட்டும். தேறியவற்றின் மேல் எண்ணெய்த் துணியால் ஒரு துடைப்பு துடைத்து, குரோம் உரிந்த இடம் இருந்தால் அங்கே இன்னும் ஒரு துளி கூடுதலாக வைத்து எடுத்து வையுங்கள்.